காற்று ஒரு மாறி

புந்தா அரேனாஸில் ஜன்னலைத் திறக்க
இரண்டு கை வேண்டும்,
மூட மூன்று.
இங்கேதான் நான் தூக்கத்தை அளக்கிறேன்.

ஆய்வு எளியது.
படுக்கும் முன் பத்து நிமிடம்
நாற்பது டிகிரி வெந்நீரில் பாதம்.
தூக்கம் கூடுமா, கூடாதா?
அவ்வளவுதான் என்று
நிதிக்குழுவிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் பல்கலைக்கழகத்தின் அடித்தள அறை.
வெப்பம் இருபத்தொன்று, ஈரப்பதம் நாற்பத்தைந்து.
கதவின் ரப்பர் உதடு ஒருமுறை மூடிவிட்டால்
வெளியே உலகம் இருப்பதற்குச் சாட்சி கிடையாது.
தலையில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது
ரொசாமெல் மன்சீயா கேட்டார்:
"காற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"
எழுபத்திரண்டு வயது. நாற்பது பருவம்
ஆட்டு ரோமம் கத்தரித்த விரல்கள்
போர்வையின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே இருந்தன.
இரவெல்லாம் கூரையையே பார்த்துக் கிடந்தார்,
தகரம் ஏதாவது சொல்லும் என்று.
அங்கே தகரமே இல்லை.
மூன்று மணி பதினொரு நிமிடம்
என்று எழுதியது கருவி.
நானும் எழுதினேன்.

அடுத்தது மருத்துவமனை, நாலாம் மாடி.
பாதிக் கட்டுப்பாடு என் கையில்,
மீதி யார் கையிலோ.
ஒன்பதரைக்கு விளக்கணைக்கச் சொன்னேன், அணைத்தார்கள்.
தள்ளுவண்டிச் சக்கரங்களுக்கு
என் காசில் எண்ணெய் வாங்கி விட்டேன்.
இரண்டரை மணிக்குப்
பதினேழாம் படுக்கைக்காரர் மூச்சை நிறுத்தினார்.
எல்லா விளக்கும் ஒரே நேரத்தில்.
ஓடும் காலணிகள்.
ஏழு பேரின் அன்றைய தரவையும் நீக்கிவிடலாம்
என்றார் புள்ளியியல்காரர் யெர்கோ.
"காரணம் என்ன போட?"
"இடையூறு என்று போடுங்கள்."
போட்டேன்.
அவர் பெயர் எனக்குத் தெரியும்.
அந்தக் கட்டத்தில் அதற்கு இடமில்லை.

பிறகு வீடுகள்.
ரொசாமெலின் வீட்டில் நான் ஆள
ஒரு குமிழ்கூட இல்லை.
டிசம்பர். இரவு பத்தரைக்கும் வெயில் மிச்சமிருந்தது.
கூரைத் தகரம் மேளம். ரேடியோ. எரிவாயு அடுப்பின் இருமல்.
நாற்பது டிகிரியில் ஊற்றிய தண்ணீர்
அவர் காலுறையைக் கழற்றி முடிப்பதற்குள்
முப்பத்தாறு.
கலாஃபாத்தே என்கிற நாய் அதில் கொஞ்சம் குடித்துப் பார்த்தது.
அப்புறம் அவர் பாதங்களின் மேலேறிப்
படுத்துக்கொண்டது.
ஏழு மணி நேரம் தூங்கினார்.
வெந்நீரா? நாயா? தகரமா?
தெரியாது என்பதை
எந்த அலகில் எழுதுவது?

இதோடு நிறுத்தியிருந்தால்
காற்றுக்கு ஒரு வாழ்த்துப்பா ஆகியிருக்கும்.
ஆனால் எதெல்மிரா பார்ரியா இருக்கிறாள்.
நண்டுத் தொழிற்சாலையில் ஓடு உடைப்பவள்.
குளித்த பின்னும் அவள் மணிக்கட்டில் கடல் நாறும்.
அதே அடித்தள அறை,
அதே இருபத்தொன்று, அதே ரப்பர் உதடு.
அவள் படுத்தாள்.
ஒன்பது மணி நேரம்.
திரையில் அவள் மூளை
ஆள் இல்லாத கடற்கரைபோல் நீண்டு கிடந்தது.
காலையில் வயர்களை உரிக்கையில் அழுதாள்.
"வலிக்கிறதா?"
"இல்லை. யாரும் கதவை உதைக்கவில்லை."

அடுத்தது உங்கள் வீட்டில்,
வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.
வழக்கமாகச் சொல்வதுதான்.
அவள் கை நின்றது.
வீட்டுக்கு வேண்டாம், என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து:
"இங்கேயே இன்னொரு இரவு முடியுமா?
கணக்கில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை."

ஒருவருக்கு ஓர் அறையில் ஓர் இரவு.
அந்த விதியை எழுதியவள் நான்.
பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.

பதிவேட்டைத் திறந்து
தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு
எழுதினேன்:
கருவி பழுது.
மறு அளவீடு தேவை.

கருவி நன்றாகத்தான் இருந்தது.
வியாழன் இரவு எட்டு மணிக்கு வந்தாள்,
தன் சொந்தத் தலையணை உறையை
நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு.